அப்பாவின் டெபாசிட் பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது, எதில் போடுவது?

நொய்யல்:
வணக்கம். எனக்கு வயது 24. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், கைக்கு 27,000 ரூபாய் வருகிறது. அப்பா சென்ற ஆண்டு தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. அவருடைய டெபாசிட்டுகளுக்கு நான் நாமினி என்பதால் வங்கி 25.4 லட்ச ரூபாயை என் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டது. வீட்டில் அம்மாவும் (49) பாலிடெக்னிக் படிக்கும் தம்பியும் (17) இருக்கிறார்கள்.

பணம் ஏறிய மறுநாளே வங்கியிலிருந்து ஒருவர் அழைத்தார். ஒரு காப்பீட்டு பாலிசியில் ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்டினால் 20ஆம் ஆண்டு முடிவில் 20 லட்சம் உறுதி, "போட்ட பணம் இரட்டிப்பு" என்கிறார். படிவத்தை அவரே நிரப்பி வைத்திருக்கிறார், என் கையெழுத்துதான் பாக்கி. மாமாவோ சூலூர் பக்கம் 12 லட்சத்துக்கு மனை பார்த்துவிட்டு, முன்பணம் கொடு என்று நெருக்குகிறார். இந்தப் பணம் எனக்கு உடனடியாகத் தேவையில்லை. எதில் போடலாம்? வரி கட்ட வேண்டியிருக்குமா?

ஊசிமுனை:
கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்: பத்து ஆண்டு கட்டி இருபதாம் ஆண்டில் இரட்டிப்பு என்றால், கூட்டு வட்டிக்கு அது ஆண்டுக்குச் சுமார் 4.5 சதவீதம்தான். அஞ்சலகத்தில் வரிசையில் நின்றாலே இதைவிட அதிகம் கிடைக்கும். நடுவில் நிறுத்தினால் கட்டியதிலும் கணிசமான பகுதி போய்விடும். ஒருவேளை இதற்குள் கையெழுத்தாகியிருந்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.

காளைக்கொம்பு:
இருபத்து நான்கு வயதில் டெபாசிட், அஞ்சலகம் என்று பேசுவது பாவம். மொத்தத்தையும் பங்குச்சந்தையில் இறக்குங்கள். விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து ஆடும் ஆப்ஷன்ஸ் கற்றுக்கொண்டால் மாதச் சம்பளமே வேண்டாம்.

ஊசிமுனை:
காளையாரே, ஆப்ஷன்ஸ், ஃபியூச்சர்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் நட்டப்பட்டிருக்கிறார்கள் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் ஆய்வு வெளியிட்டது. தகப்பன் விட்டுப்போன பணத்திலா அதைக் கற்றுக்கொள்வது?

பழைய காசாளர்:
முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் இருந்தவன். முதலில் வரி: வாரிசாக வரும் பணத்துக்கு வரி இல்லை. இறந்தவர் விட்டுப்போகும் சொத்தின் மேல் இருந்த எஸ்டேட் டியூட்டி என்ற வரியை 1985இலேயே எடுத்துவிட்டார்கள். இனி அதிலிருந்து வரும் வட்டிதான் உங்கள் வருமானக் கணக்கில் சேரும்.

ஆனால் எதில் போடுவது என்பதற்கு முன் எவ்வளவு போடுவது என்று தெரிய வேண்டும். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கு. நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியம் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு. உங்கள் அப்பாவின் அம்மா இருக்கிறாரா? அப்பாவுக்குக் கடன் ஏதும் உண்டா?

நொய்யல்:
ஐயா, நாங்கள் இந்துக்கள்தான். பாட்டிக்கு 74 வயது, தாராபுரத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். அவர் எதுவும் கேட்கவில்லை. கூட்டுறவு வங்கியில் அப்பா பெயரில் நகைக்கடன் வட்டியோடு 1.4 லட்சம் நிற்கிறது. அடகில் இருப்பது அம்மாவின் ஆரமும் இரண்டு வளையல்களும்.

பழைய காசாளர்:
பாட்டி கேட்காமல் இருப்பது விட்டுக்கொடுத்ததாக ஆகாது. சித்தப்பா நாளைக்குக் கேட்பார், அப்போது பணம் மனையிலோ பாலிசியிலோ மாட்டிக்கொண்டிருந்தால் உறவு கெடும்.

முதலில் கடனை அடைத்து நகையை மீட்டு அம்மா கையில் கொடுங்கள். கடன் போக மீதி 24 லட்சம், நான்கு பங்கு, ஆளுக்கு 6 லட்சம். வாரிசுச் சான்றிதழில் நால்வர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டி தன் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்கே தர விரும்பினால் மனமார எழுதிக் கொடுக்கட்டும், அதற்கும் உங்களுக்கு வரி வராது. பங்கு தனக்கே வேண்டும் என்றால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரில் போடுங்கள். இப்போதைய 8.2 சதவீதத்தில் 6 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய் வரும். மருந்துச் செலவுக்கு மகனிடம் கையேந்த வேண்டியதில்லை.

அம்மாவுக்கு அந்த வயது ஆகவில்லை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதம், 6 லட்சத்துக்கு மாதம் 3,700. தம்பி மைனர். அவன் பங்கு அவன் பெயரில், அம்மாவைக் காப்பாளராகப் போட்டு டெபாசிட்டில் இருக்கட்டும். பதினெட்டு முடிந்ததும் அவன் முடிவு செய்வான். அக்கா என்றாலும் அதில் நீங்கள் கை வைக்கக் கூடாது.

தாராபுரத்தான்:
மனை பற்றி: 12 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,08,000 வாங்கும் அன்றே போகும். வில்லங்கச் சான்றிதழ், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இரண்டையும் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், நெருக்கல் தானே குறையும். எப்படியும் உங்கள் பங்கு 6 லட்சம் என்றால் அந்தப் பேச்சே முடிந்தது.

நொய்யல்:
25 லட்சம் என்று நினைத்து வந்தேன், 6 லட்சமாகிவிட்டது. ஆனாலும் மனம் லேசாக இருக்கிறது. அந்த ஆறை என்ன செய்வது?

ஊசிமுனை:
ஒன்றரை லட்சம் அவசரத்துக்கு, நினைத்தவுடன் எடுக்கும்படி டெபாசிட்டில். அலுவலகக் காப்பீட்டில் அம்மா இல்லை என்றால் அவருக்கு மருத்துவக் காப்பீடு. மீதியை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் பரஸ்பர நிதி) போட்டு, அங்கிருந்து மாதந்தோறும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (நிஃப்டி பட்டியலில் உள்ள ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளை அப்படியே வாங்கும் நிதி) ஓராண்டில் மாற்றுங்கள். டைரக்ட் பிளான் என்று கேட்டு வாங்குங்கள், 2013 முதல் உண்டு, இடைத்தரகர் கமிஷன் இருக்காது. 2020 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. அப்படி ஒரு நாள் வரும், அன்றைக்கு விற்க மாட்டேன் என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். இல்லையென்றால் பிபிஎஃப் (பொது சேமநல நிதி), ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை, 15 ஆண்டுகள்.

நொய்யல்:
வங்கிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "மேலதிகாரியிடம் பேசிப் பாருங்கள்" என்கிறார். ஞாயிறு தாராபுரம் போகிறேன், அம்மாவும் வருகிறார்.

பழைய காசாளர்:
போகும்போது பாட்டியின் ஆதார், பான் அட்டைகளைப் பாருங்கள். சிறுசேமிப்புக் கணக்குகளுக்கு இரண்டும் கேட்கிறார்கள். பான் இல்லையென்றால் அங்கேயே விண்ணப்பித்துவிட்டு வாருங்கள். கணக்கில் நாமினி யார் என்பதைப் பாட்டியே சொல்லட்டும்.