வரிசைப்படுத்தலா, வரிசையறிதலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொடுப்பதற்காக உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) பற்றி ஒரு துண்டறிக்கை எழுதிவருகிறோம். அதில் கிருமியின் டிஎன்ஏ முழுவதையும் படித்தறியும் வேலைக்கு (genome sequencing) ஐயா பரிந்துரைத்த "மரபணுத்தொகை வரிசைப்படுத்தல்" நாளிதழ்களிலும் புழங்கும் சொல்தான். இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. கலைந்து கிடப்பதை அடுக்குவதுதானே வரிசைப்படுத்துவது? கிருமியின் டிஎன்ஏவில் எழுத்துகள் ஏற்கெனவே வரிசையாகத்தான் இருக்கின்றன. நாம் அதைக் கண்டறிகிறோம். ஆகவே "வரிசையறிதல்" என்கிறேன்.

துண்டு துண்டாகப் படித்துக் கணினியில் ஒட்டுகிறார்களே, அது வரிசைப்படுத்தல்தானே என்று அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அந்த வேலைக்குத் தனிச்சொல் வேண்டும், "கோத்தல்" போதும். ஸ்க்ரப் டைபஸைத் தரும் ஓரியன்ஷியா கிருமியில் இரண்டையும் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். 2007இல் வெளியான அதன் வரிசை சுமார் 21 லட்சம் எழுத்து நீளம். ஒரே துண்டு பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவதால் கோப்பது பெரும்பாடு. ஆனால் நோயறிதலுக்கு உதவுவதும் அதுவே: பல நகல்கள் உள்ள துண்டைக் குறிவைத்தால், ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தாலும் டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையில் சிக்கிவிடும். 1916 முதல் இருக்கும் வெயில்-பெலிக்ஸ் சோதனையோ புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை வைத்து, கிருமியை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுகிறது. எதிர்ப்பொருள் தென்படவே ஒரு வாரம் போல ஆகும். டாக்ஸிசைக்ளின் மருந்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டிய நோயில் அது நீண்ட காத்திருப்பு.

அப்புறம் இன்னொன்று. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது நாய், மாட்டின் மேல் நாம் பார்க்கும் உண்ணி அல்ல. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளவுயிரி. உண்ணி பரப்புவது ரிக்கெட்சியா கொனோரி என்ற வேறொரு கிருமி தரும் காய்ச்சல். இரண்டையும் "உண்ணிக்காய்ச்சல்" என்றே எழுதுகிறார்கள். முதலாவதைச் "சிற்றுண்ணிக் காய்ச்சல்" என்று பிரிக்கலாமா?

கடித்த இடத்தில் வரும் கருத்த புண்ணுக்குக் "கரும்பொருக்கு" என்று வைத்திருக்கிறேன். சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும், வலிக்காது. அக்குளிலோ இடுப்பில் துணி இறுகும் இடத்திலோ இருப்பதால் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் கவனிப்பதே இல்லை. அந்தப் பொருக்கிலிருந்தே கிருமியின் டிஎன்ஏவை எடுக்கலாம் என்பதால் இந்தச் சொல் எல்லாருக்கும் புரிந்தாக வேண்டும். படுகர் வீடுகளில் இதற்குப் புழங்கும் சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதையும் சேர்த்தே அச்சுக்குக் கொடுக்கிறோம்.