கல்வி செஸ்ஸை ஏற்றலாமா? எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

பெரியப்பா: நம் ஊர் வார இதழில் வழக்கமாக எழுதுவாரே, அவருடைய கட்டுரை. எல்லோரும் படியுங்கள். வருமான வரித் தொகையின் மேல் கட்டும் கல்வி செஸ்ஸை, அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் கூடுதல் வரியை, 4 சதவீதத்திலிருந்து 6 ஆக்கச் சொல்கிறார். நூற்றுக்கு நூறு சரி. அரசுப் பள்ளி உருப்பட வேண்டுமானால் சம்பாதிக்கிறவன்தான் கொடுக்க வேண்டும்.

சித்தப்பா: அருமையாக எழுதியிருக்கிறார் அண்ணா 👏

நான்: முழுக்கப் படித்தேன் பெரியப்பா. சம்பாதிக்கிறவர்கள் கொடுக்கட்டும், எனக்கும் சம்மதம்தான். ஆனால் செஸ்ஸாகக் கேட்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பெரியப்பா: வரி என்ன, செஸ் என்ன? எல்லாம் அரசாங்கத்துக்குத்தானே போகிறது?

நான்: எந்த அரசாங்கத்துக்கு? வருமான வரியில் 41 சதவீதத்தை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. செஸ்ஸில் அந்தப் பங்கு கிடையாது. அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவே அதை விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? மாநில அரசு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அண்ணன்: செஸ் பணம் கல்விக்குத் தவிர வேறெங்கும் போகாது என்று எழுதியிருக்கிறாரே?

நான்: அப்படிச் சொல்லித்தான் வசூலித்தார்கள். 2004இல் 2 சதவீதம், அடிப்படைக் கல்விக்கு. 2007இல் இடைநிலை, உயர் கல்விக்கு என்று இன்னொரு 1 சதவீதம். அந்த 1 சதவீதத்துக்குத் தனி நிதியம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது எப்போது தெரியுமா? 2017 ஆகஸ்டில். அதற்குள் வசூலான 83 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அதற்கென்ற நிதியத்துக்கு மாற்றப்படவே இல்லை என்று அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. 2018இல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதம் ஆக்கிவிட்டார்கள்.

சித்தப்பா: அப்படியானால் கல்விக்குச் செலவே செய்யவில்லை என்கிறாயா?

நான்: அப்படிச் சொல்லவில்லை சித்தப்பா. செலவு நடந்துகொண்டுதான் இருந்தது. இந்த செஸ்ஸால் கூடுதலாக என்ன நடந்தது என்று கட்டியவர்கள் கணக்குப் பார்க்க வழியில்லை.

அத்தை: இப்போதுதான் எல்லாம் படித்தேன். என் பள்ளிக் கணக்கைச் சொல்கிறேன். 180 பிள்ளைகள். வருஷத்துக்குப் பள்ளி மானியம் 50,000 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, பினாயில், பல்பு, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். பிள்ளைக்கு 300 ரூபாய்கூட வராது. பள்ளி திறக்கும்போது அதுவும் கையில் இருக்காது. போன மாதம் பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் நானே வாங்கி மாட்டினேன்.

பெரியப்பா: அதற்குத்தானே கூடுதல் பணம் வேண்டும் என்கிறேன்!

அத்தை: வேண்டும் அண்ணா. என் பள்ளிவரை வந்து சேருகிற பணமாக வேண்டும்.

நான்: 2024–25இல் பள்ளிக் கல்விக்கான மத்திய திட்டமான சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு தர வேண்டிய பணம் 2,152 கோடியும் நின்றதே. அந்த வருஷமும் நாம் செஸ்ஸை முழுசாகக் கட்டினோம்.

சித்தப்பா: பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போட்டிருந்தால் வந்திருக்கும்.

நான்: போட்டிருக்க வேண்டுமா என்பது தனிச் சண்டை சித்தப்பா, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். யார் பக்கம் நியாயம் இருந்தாலும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அத்தை பள்ளிப் பிள்ளைகள். டெல்லி கையில் இருக்கும் பங்கை இன்னும் பெரிதாக்கச் சொல்கிறார் கட்டுரை எழுதியவர்.

பெரியப்பா: சரிம்மா, உன் யோசனை என்ன?

நான்: வருமான வரியையே ஏற்றட்டும். லட்ச ரூபாய் வரி கட்டுகிறவர் இன்று 4,000 செஸ் கட்டுகிறார், கட்டுரைக் கணக்குப்படி 6,000 கட்டுவார். அந்தக் கூடுதல் 2,000 வரியாக வந்தால் சுமார் 820 ரூபாய் மாநிலங்களுக்குப் போகும். செஸ்ஸாக வந்தால் அந்தப் பங்கு பூஜ்யம். அப்புறம், உங்கள் வீட்டுச் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. அது எந்தப் பள்ளிக்குப் போனது என்று வார்டு கவுன்சிலர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். செஸ்ஸுக்கு யார் வீட்டுக்குப் போவது?

அண்ணன்: சொத்து வரியில் கல்வி வரி இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

பெரியப்பா: பள்ளிக்குப் பணம் வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன். ஆனால் அந்த 41 சதவீத விஷயத்தை அவர் எழுதியிருக்க வேண்டும். நீ சுருக்கமாக எழுதித் தா, வார இதழுக்கே அனுப்புகிறேன்.

நான்: நாளைக் காலையில் அனுப்புகிறேன் பெரியப்பா.

அத்தை: 50,000 கணக்கையும் சேர்த்து எழுது கண்ணு. என் பள்ளிப் பெயர் மட்டும் வேண்டாம்.