மறு: ‘ஆற்று மாடி’யா, ‘ஆற்றுத்திண்ணை’யா? – சரளை மேய்க்கால் மண்ணுக்கான சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள வறண்ட மேய்ச்சற் பரப்புகளைப் பற்றிய மண்ணியல் குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். அதில் ஓடையை ஒட்டிச் சற்று உயரத்தில் தட்டையாக நிற்கும் நிலத்தில் உருவான சரளை மண் பேசப்படுகிறது. அந்த நிலவடிவத்துக்கு என்ன சொல் வைக்கலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். ‘ஆற்று மாடி’, ‘ஆற்றுப் படிக்கட்டு’, ‘மேட்டுப்படுகை’ என்னும் மூன்றும் மறுமொழிகளில் வந்தன. தஞ்சையிலிருந்து எழுதிய அம்மா ‘படுகை’ என்னும் நல்ல சொல் இருக்கும்போது புதிது எதற்கு என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு முதலில் விடை சொல்ல வேண்டியது என் கடமை.

ஆறு ஒரு காலத்தில் தன் வெள்ளத்தைப் பரப்பிய சமவெளியைப் பின்னொரு காலத்தில் தானே அறுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நிலம் உயர்ந்ததாலோ, கடல்மட்டம் தாழ்ந்ததாலோ, மழையின் அளவும் மலையிலிருந்து உருண்டுவரும் கல்மண் சுமையும் மாறியதாலோ இது நிகழலாம். அவ்வாறு இறங்கும்போது அறுபடாமல் மிஞ்சிய பழைய தரைதான் நாம் பெயர் தேடும் நிலம். வெள்ளம் இனி அதன்மேல் ஏறாது என்பதே அதன் இலக்கணம். படுகையோ இதற்கு நேர்மாறானது. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே கிடந்து, வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்தால் புது வண்டலைப் பெறும் நிலத்தையே தஞ்சை மக்கள் அப்படி அழைக்கிறார்கள். வாழையும் நாணலும் வளரும் அந்த இடத்தின் பெயரை, நீர் கைவிட்டுப் பல்லாயிரம் ஆண்டுகளான வறண்ட கல்தரைக்குச் சூட்டினால், ‘மேட்டு’ என்ற அடைமொழி சேர்த்தாலும் படிப்பவர் மனத்தில் ஈரம்தான் வரும்.

‘ஆற்றுப் படிக்கட்டு’ என்றால் எவருக்கும் படித்துறை நினைவுக்கு வரும். குளிக்க இறங்கும் இடத்தை நிலவடிவமாக மாற்றிக் காட்டுவது வீண் போராட்டம். ‘மாடி’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு வடாம் காயும் மொட்டை மாடியை மறந்துவிட்டு அந்தச் சொல்லைப் படிக்க என்னால் இயலவில்லை.

என் பரிந்துரை ‘ஆற்றுத்திண்ணை’. திண்ணைக்குத் தட்டையான தளம் உண்டு, தெருவை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் முகப்பு உண்டு, தெருவில் நீர் ஓடும்போதும் நனையாத உயரம் உண்டு. நிலவடிவத்தின் இரண்டு உறுப்புகளுக்கும் ‘திண்ணைத்தளம்’, ‘திண்ணைமுகப்பு’ என்று பெயர்கள் தாமே கிடைத்துவிடுகின்றன. ஆற்றின் இருகரையிலும் ஒரே உயரத்தில் நிற்பவற்றை ‘இணைத்திண்ணை’ என்றும், ஒரு கரையில் மட்டும் நிற்பதை ‘ஒற்றைத்திண்ணை’ என்றும் சொல்லலாம். ஆறு முதலில் கல்லையும் மணலையும் குவித்து நிரப்பிப் பிறகு அறுத்ததை ‘நிரப்புத்திண்ணை’ என்றும், பாறையையே மட்டமாகச் செதுக்கி அதன்மேல் மெல்லிய சரளைப் போர்வை விட்டுச் சென்றதைப் ‘பாறைத்திண்ணை’ என்றும் பிரிக்கலாம். ஒரு சொல்லிலிருந்து இத்தனை கிளைகள் சிரமமின்றி வருவதே அது பொருந்திய சொல் என்பதற்கு எனக்குப் போதுமான சான்று.

திண்ணை மனிதர் கட்டியது, இது இயற்கையில் மிஞ்சியது என்ற மறுப்பு வரும் என்று அறிவேன். அந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் எஞ்சியுள்ள பழைய வீடு ஒன்றைப் பார்த்தால் அது அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில், இடுப்பளவு இருந்த அந்தத் திண்ணை இப்போது ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. திண்ணை அசையவில்லை, தெரு ஏறிவிட்டது. ஆற்றில் நடப்பது இதன் தலைகீழ்க் கதை: தெருவாகிய ஆறு இறங்க இறங்க, அசையாமல் கிடந்த தரை திண்ணையாகிறது. இதனால்தான், படிவுப் பாறைகளில் அடியில் கிடப்பது பழையதாக இருக்கையில், திண்ணைகளில் பெரும்பாலும் உயரத்தில் இருப்பதே முதியதாகிறது. மண்ணியலாருக்கு இது முக்கியம். மேல் திண்ணையின் மண், மழைக்கும் வெயிலுக்கும் நெடுங்காலம் ஆட்பட்டு, களிமண்ணும் சுண்ணாம்பும் தனித்தனி அடுக்குகளாகப் பிரியும் அளவுக்கு முதிர்ந்திருக்கும். ஓடையை ஒட்டிய கீழ்த்திண்ணையில் ஆறு போட்ட கல்லடுக்கு ஏறத்தாழ அப்படியே தெரியும்.

இந்த நிலவடிவம் நமக்கு அயலானதும் அன்று. எண்ணூரில் கடலில் கலக்கும் நம் கொசத்தலை ஆற்றின் மேற்பகுதியில், 1863இல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் அதன் சுற்றுப்புறமும் குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையின் கூழாங்கற்கள் நிறைந்தவை. 1930களில் அங்கு ஆய்வு செய்தவர்கள் அந்தச் சரளைப் படிவுகளை ஆற்றுத்திண்ணை வரிசைகளாகப் பிரித்தே விவரித்தார்கள். தமிழில் எழுத முனைந்திருந்தால் அன்றே இந்தச் சொல் தேவைப்பட்டிருக்கும்.

அடுத்து, சரளை. குழுவின் மூத்த பொறியாளர் ஐயா ‘கிராவல்’ என்றே எழுதலாம், லாரிக்காரர் வரை எல்லோருக்கும் புரியும் என்கிறார். புரியும் என்பதே என் அச்சம். மாதவரம் பக்கம் வீட்டுமனையை மேடாக்க ஒரு லோடு கிராவல் கேட்டால் சிவப்பு மண்தான் வந்து இறங்கும். சவுடு வேண்டுமா, கிராவல் வேண்டுமா என்பதே அங்கு கேள்வி. நமக்கு வேண்டியதோ நிறத்தையும் வகையையும் சாராமல் பருமனை மட்டும் குறிக்கும் சொல். அமெரிக்க மண் வகைப்பாட்டில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பவை முதல் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் வரையுள்ள கற்களுக்கே ‘கிராவல்’ என்று பெயர். சல்லடையில் இறங்குவது ‘நுண்மண்’. ‘கூழாங்கல்’ உருண்டையானதை மட்டும் குறிக்கும், ‘ஜல்லி’ உடைத்ததைக் குறிக்கும். இரண்டையும் அடக்கும் ‘சரளை’யை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் அளவுச்சொற்களில்தான். கன அளவில் கல் 15 முதல் 35 விழுக்காடு, 35 முதல் 60, 60 முதல் 90 என மூன்று தரங்கள் உள்ளன. ‘பெருஞ்சரளை’ என்றால் பெரிய கல் என்று பொருள்படும், ‘கடுஞ்சரளை’ என்றால் கெட்டியான கல் என்று பொருள்படும். இங்கு பேச்சு கல்லின் பங்கைப் பற்றியது. ஆகவே முறையே ‘சரளை கலந்த’, ‘சரளை மிகுந்த’, ‘சரளை மண்டிய’ என்று வைக்கக் கோருகிறேன். இந்தத் தரங்கள் வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஒரு மீட்டர் ஆழத்தில் 150 மில்லிமீட்டர் நீரைச் செடிக்குக் கொடுக்கவல்ல இருமண்பாட்டு மண்ணில், அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண்ணில், பாதிக் கன அளவைக் கல் பிடித்துக்கொண்டால், கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 75 மில்லிமீட்டராகிவிடும். அதே கல் மேற்பரப்பில் பரவிக் கிடந்தால் மழைத்துளியின் அடியைத் தாங்கி, ஆவியாதலையும் குறைக்கும்.

மண்ணில் சரளை எங்கே இருக்கிறது என்பதும் சொல்லில் வர வேண்டும். எங்கள் மாடியில் துளசித் தொட்டியை மாற்றும்போது இதை நேரில் பார்த்தேன். நீர் வடியட்டும் என்று அடியில் நான்கு விரல் கனத்துக்கு ஜல்லி பரப்பியிருந்தோம். கவிழ்த்துப் பார்த்தால், ஜல்லிக்கு நேர் மேலிருந்த மண் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறிக் கிடந்தது. ஜல்லியின் நடுவே கல் உலர்ந்திருந்தது. நுண்மண்ணின் சிறு துளைகள் நீரை இறுகப் பிடித்திருப்பதால், மேலடுக்கு ஏறக்குறைய நிறைந்தால் அன்றி நீர் கீழுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. ஆற்றுத்திண்ணை மண்ணிலும், மேலே இருமண்பாடும் கீழே சரளையும் கூர்மையான எல்லையோடு சந்திக்கும் இடத்தில் இதுவே நிகழ்கிறது. புல்லின் வேர்கள் அந்த எல்லைக்கு மேல் அடர்ந்திருப்பது வியப்பில்லை. ‘சரளை மண்’ என்று மொத்தமாக எழுதாமல் ‘அடிச்சரளை’, ‘மேற்சரளை’ என்று பிரித்து எழுதுவோம்.

மேய்ச்சல் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விதைத்து, உரமிட்டு வளர்க்கும் புல்தரைக்கும், தானாக முளைத்த புல்லும் புதரும் கால்நடைக்கு இரையாகும் பரப்புக்கும் வேறுபாடு தேவை. ‘மேய்ச்சல் நிலம்’ இரண்டுக்கும் பொது. ‘மந்தைவெளி’ மந்தை கூடும் இடம். சென்னைவாசிக்கு அது பேருந்து நிறுத்தமும்கூட. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் வழங்கும் ‘மேய்க்கால்’ என்பதை இரண்டாவதற்கு எடுத்துக்கொள்ளலாம். அதனோடு ஒட்டிவரும் ‘புறம்போக்கு’ அரசுடைமையைச் சொல்வதால் அதை மட்டும் விட்டுவிடுவோம். கொங்குப் பகுதியின் ‘கொறங்காடு’ அழகான சொல்தான், ஆனால் அது கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கொண்ட ஒரு குறிப்பிட்ட முறையின் பெயர். அதைப் பொதுவாக்கினால் அந்த முறைக்குப் பெயரில்லாமல் போகும்.

எனவே மூலத்திலுள்ள தொடருக்கு ‘ஆற்றுத்திண்ணையின் சரளை மிகுந்த மேய்க்கால் மண்’ என்று எழுதியுள்ளேன். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. வறண்ட பகுதித் திண்ணைகளில், இறங்கும் நீர் கல்லின் கீழ்ப்புறத்தில் தங்கி உலர்வதால், ஆழ்துளைக் கிணற்று நீர் குடத்தின் அடியில் விடுவதுபோல் வெண்ணிறச் சுண்ணாம்புப் பூச்சு படிகிறது. தோண்டும்போது அந்தப் பூச்சு மேல்நோக்கி இருக்கக் கண்டால், கல் யாராலோ எதனாலோ புரட்டப்பட்டது என்று அறியலாம். ஆகவே பெயரில் ‘அடி’ என்பது இருந்தே ஆக வேண்டும். ‘கல்லடிப் பொருக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் மழை பெய்து காய்ந்த வயலின் மேற்பரப்பில் கட்டுவதையும் பொருக்கு என்கிறோமே என்று தயங்கி, அந்த இடத்தைக் கோடிட்டு வைத்திருக்கிறேன்.