மறுமொழி: கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட் – ‘மாவட்டம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் எந்தக் கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்டுக்கு எந்த நாடாளுமன்ற உறுப்பினர் என்று காட்டும் பட்டியலுக்குத் தமிழ்த் தலைப்பாக, ‘சமுதாயக் கல்லூரி மாவட்டங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டமியற்றுநர்கள்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படிப்பவருக்குத் தப்பான பொருள் போய்ச் சேரும் என்பதுதான் என் கவலை.

‘சமுதாயக் கல்லூரி’ இருக்கட்டும். தமிழ்நாட்டில் 1990களிலிருந்தே வழங்கும் பெயர் அது.

‘மாவட்டம்’தான் இடிக்கிறது. நமக்கு மாவட்டம் என்றால் கலெக்டர், அரசு வரைந்த எல்லை. அமெரிக்காவில் இது கல்லூரி நடத்துவதற்கென்றே அமைந்த ஓர் உள்ளாட்சி. கலிஃபோர்னியாவில் 73 இருக்கின்றன. அவற்றின் கீழ் 116 கல்லூரிகள். அவற்றில் ஒன்றான ஃபுட்ஹில்–டி ஆன்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிர்வகிக்கும் குழுவின் உறுப்பினர்களான அறங்காவலர் ஐந்து பேரையும் அந்தப் பகுதி மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்; மாணவர் சார்பில் இரண்டு பேர் தனி. கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் ஓட்டுப் போடுபவர்களில் 55 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். கடனை அடைப்பது அங்குள்ளவர்களின் சொத்துவரி. ஓட்டும் வரியும் சேர்ந்த ஓர் அமைப்பை ‘மாவட்டம்’ என்று சொன்னால் இரண்டுமே மறைந்துபோகும். ‘சமுதாயக் கல்லூரி வட்டாரம்’, சுருக்கமாகக் ‘கல்லூரி வட்டாரம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம், ‘பிரதிநிதித்துவப்படுத்தும்’. வட்டாரத்தின் பிரதிநிதிகள் அந்த அறங்காவலர்களே. வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றத்துக்குப் போகிறவர் தம் தொகுதிக்குப் பிரதிநிதி. தொகுதி எல்லை பத்தாண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி மாறும். வட்டாரத்தின் எல்லை அதைப் பின்பற்றுவதில்லை. 2022 தேர்தலுக்கு வகுத்த எல்லைப்படி டி ஆன்சா கல்லூரி இருக்கும் கூப்பர்ட்டினோ 17ஆம் தொகுதி. அதே வட்டாரத்தின் ஃபுட்ஹில் கல்லூரி இருக்கும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் 16ஆம் தொகுதி. மேலவை உறுப்பினர்களான செனட்டர் இருவருக்கோ மாநிலம் முழுவதுமே தொகுதி. ஆகவே ‘பிரதிநிதித்துவப்படுத்தும்’ என்பதற்குப் பதில் ‘வட்டாரத்துக்கு உட்பட்ட’ என்று போட்டாலும் பொருந்தாது. ‘தொடர்புடைய’ போதும்.

அந்தத் தொடர்பு சின்னதல்ல. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம். ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயர் அதற்கு. அதனால்தான் எந்த வட்டாரத்துக்கு எந்த உறுப்பினர் என்ற பட்டியல் கல்லூரிக்காரர்களுக்குத் தேவைப்படுகிறது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ் என்பதால் ‘காங்கிரஸ் உறுப்பினர்’ என்ற யோசனையும் வந்திருந்தது. நம் வாசகர் அதைக் கட்சிக்காரர் என்றுதான் படிப்பார். ‘நாடாளுமன்ற உறுப்பினர்’ என்றால் இரண்டு அவைகளும் அடங்கும். மாநிலத்தில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினர் என்று தமிழில் ஏற்கெனவே பிரித்துச் சொல்கிறோம். ‘கூட்டாட்சி’ என்ற அடையே வேண்டியதில்லை. அமெரிக்க அமைச்சர்கள் அவையில் உட்காருவதில்லையே, அதை எப்படி நாடாளுமன்றம் என்பது என்று கேட்கலாம். சரிதான். ஆனால் தமிழ்ச் செய்தித்தாள்கள் அமெரிக்க நாடாளுமன்றம் என்றே எழுதி வருகின்றன. குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.

என் பரிந்துரை: ‘கல்லூரி வட்டாரங்களோடு தொடர்புடைய நாடாளுமன்ற உறுப்பினர்கள்’. பட்டியல் தலைப்பில் ‘வட்டாரம் – தொகுதி – உறுப்பினர்’ என்று மூன்று கட்டம் போட்டாலே போதும்.

ஒரே ஒரு தயக்கம். இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தலுக்கான சிறு பிரிவை வட்டாரம் என்கிறார்கள். ‘கல்லூரி’ என்று முன்னால் சேர்த்த பிறகும் அந்தப் பொருள் குறுக்கிடுமா? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் சொல்லுங்கள். இடறுமென்றால் வேறு சொல் தேடுவோம்.