அழாத குரல் நம்மை அழ வைப்பது எப்படி?

மேற்கு மாம்பலத்துக்காரன் எழுதியது:

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவரிடம் சென்ற வாரம் சட்டைகளை வாங்கப் போயிருந்தேன். அவருடைய வானொலியில் ‘சொன்னது நீதானா’ தொடங்கியது. உடனே அவர் கரிப்பெட்டியைத் துணியிலிருந்து எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, பாடல் முடியும்வரை இரு கைகளையும் வண்டி விளிம்பில் ஊன்றியபடி நின்றார். நானும் எதுவும் பேசாமல் அருகில் நின்றேன்.

1962இல் வெளியான ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்துக்காக, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடியது அது. தான் இறந்துவிட்டால் நீ மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று நோயுற்ற கணவன் சொல்லக் கேட்ட மனைவி பாடும் பாட்டு. அழுவதற்கு எல்லா நியாயமும் உள்ள இடம். ஆனால் அந்தக் குரலில் விம்மல் இல்லை, தழுதழுப்பும் இல்லை. ‘சொல்’ என்ற ஒரே சொல் அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் உச்சரிப்புச் சிதையாமல், சுருதியிலிருந்து மயிரிழையும் விலகாமல் வந்து விழுகிறது. கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

உங்களை இப்படி நிறுத்தி வைத்த பெண் குரல் யாருடையது? அது எப்படி நிகழ்கிறது என்று நினைக்கிறீர்கள்? பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், காரணத்தையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மயிலாப்பூர் பாட்டு டீச்சர் எழுதியது:

பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உண்மையாகவே அழுதால் தொண்டை இறுகும், மூச்சு துண்டு துண்டாகும், சுருதி இறங்கிவிடும். ஆகவே துயரத்தைப் பாடுகிறவர் அதைத் தொண்டையில் வைக்க முடியாது. சொல்லின் முடிவில், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வேகத்தில், மூச்சு விடும் இடத்தில்தான் வைத்தாக வேண்டும். அந்த நாள் பாடகியருக்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகியும் வாத்தியக் குழுவும் ஒன்றாகவே பாடி வாசித்துப் பதிவு செய்தார்கள். நான்காம் நிமிடத்தில் ஒரு வயலின் பிசகினாலும் எல்லோரும் பல்லவியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பத்தாவது முறை பாடும்போதும் அந்த உணர்ச்சி அதே அளவில் நிற்க வேண்டுமென்றால், அதைக் கண்ணீரை நம்பிச் செய்ய இயலாது.

என்னை நிறுத்தி வைத்தவர் எஸ். ஜானகி. அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த ‘செந்தூரப்பூவே’ (1977) பாடலைக் கண்களை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கிராமத்துப் பெண்ணின் ஆசையும் அவள் இன்னும் அறியாத ஏக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன. ஆனால் மேடையில் அவர் உடல் அசையாமல்தான் நின்று பாடுவார். சில மாதங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி, சோகம் வேண்டும் என்பதற்காகக் குரலை நடுக்கிப் பாடினாள். நடுக்கத்தை விட்டுவிட்டு ஸ்வரத்தை மட்டும் நேராகப் பிடி என்றேன். அவள் அப்படிப் பாடியபோது, வெளியே செருப்புகளுக்கு அருகில் காத்திருந்த அவளுடைய பாட்டி எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டார்.

பெரம்பூர் பெரியவன் எழுதியது:

டீச்சரம்மா சொல்வது திரைப்பாட்டுக்குச் சரி. எல்லாக் குரலுக்கும் சரியென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் எதை அடக்கிப் பாடினார்? ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுவரை போய்ச் சேர வேண்டிய குரல் அது. முழுத் தொண்டையையும் திறந்துதான் பாடினார். 1933இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அதன்பின் 1980இல் தாம் மறையும்வரை வெள்ளைப் புடவையையே உடுத்தியிருந்தார். ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராக வந்து முருகனை அழைக்கும்போது, அந்தக் குரலில் கெஞ்சல் துளியும் கிடையாது; உரிமை இருக்கிறது. சொந்தப் பாட்டி பேரனைக் கூப்பிடும் உரிமை. அந்த உரிமைதான் என்னை உடைத்துப் போடுகிறது. எனவே அடக்கம் ஒரு வழி, அவ்வளவே. தன் துயரத்துக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்பது இன்னொரு வழி.

வேளச்சேரி ரசிகை எழுதியது:

ஸ்வர்ணலதா. வேறு பெயர் எனக்கு வாய்க்கு வரவில்லை. ‘கருத்தம்மா’ படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் அவர் பாடிய ‘போறாளே பொன்னுத்தாயி’ 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றது. பெண் ஒருத்தி பிறந்த மண்ணை விட்டுப் போவதைச் சொல்லும் பாட்டு. கண்ணீர் வைரமுத்துவின் வரியிலேயே இருப்பதால், குரல் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்த முதல் மாதத்தில், சமையலறையில் தனியாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. 2010இல், 37 வயதில் அவர் போய்விட்டார். இப்போது கேட்கும்போது அந்தச் செய்தியும் பாட்டோடு சேர்ந்து ஒலிக்கிறது; அதைப் பிரித்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

மேற்கு மாம்பலத்துக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பெரம்பூர் ஐயா சொன்ன ‘உரிமை’ என்ற சொல் இரண்டு நாட்களாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதை வைத்துக்கொண்டு சுசீலாவின் பாட்டை மறுபடியும் கேட்டேன். அந்த மனைவியும் கெஞ்சவில்லை. நீயா இப்படிச் சொன்னாய் என்று கணவனிடம் நேராக நியாயம் கேட்கிறாள். அடக்கமும் உரிமையும் வேறு வேறு வழிகள் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. வேளச்சேரி அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஸ்வர்ணலதாவின் பாட்டை வீட்டில் போட்டேன். முழுவதும் கேட்க முடியவில்லை, நாளை மறுபடியும் முயல்வேன்.

இன்று காலை இஸ்திரிக்காரரிடம், அன்று அந்தப் பாட்டுக்கு ஏன் வேலையை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். பாடியவர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. “அந்தம்மா குரல் வந்துவிட்டால் கை நின்றுவிடுகிறது, தம்பி. பெட்டியை எடுக்காவிட்டால் ஊரார் துணி கருகிப் போகாதா?” என்றார்.