அந்தச் சாடியில் எழுதியிருப்பது தெய்வத்தின் பெயரா, மரத்தூணா?

ஓலைப்பெட்டி:
இஸ்ரவேலர் தங்கள் வழிபாட்டில் அண்டை நாட்டாரிடமிருந்து எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை என்று சாலொமோன்தாசன் நேற்று இங்கே எழுதியதைப் படித்தபின் சும்மா இருக்க மனம் வரவில்லை. சீனாய்ப் பாலைவனத்தின் வடகிழக்கே குன்டில்லட் அஜ்ருத்தில் 1975-76இல் தொல்லியலாளர் மெஷெல் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ கி.மு. 800ஐச் சேர்ந்த பெரிய மண்சாடியில், இஸ்ரவேலரின் கடவுளான 'சமாரியாவின் யாவே'யின் பெயராலும் 'அவருடைய அஷேரா'வின் பெயராலும் ஒருவர் மற்றவர்களை வாழ்த்தி மையால் எழுதியிருக்கிறார். அஷேரா கானானியரின் தேவி; சிரியாவின் பழைய நகரமான உகாரித்தின் களிமண் பலகைகளில் ஏல் என்னும் தெய்வத்தின் துணைவியாக வருபவளும் இவளே. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சாலொமோன்தாசன்:
சகோதரரே, எபிரேய இலக்கணம் தெரிந்தவர் இப்படி எழுதமாட்டார். அம்மொழியில் இயற்பெயரோடு 'அவருடைய' என்னும் விகுதி ஒட்டாது. ஆகவே அது தேவியின் பெயரல்ல, பலிபீடத்தருகே நட்ட மரத்தூண். நம் பழைய தமிழ் வேதாகமமும் அதைத் 'தோப்பு' என்றுதான் சொல்கிறது.

ஓலைப்பெட்டி:
நீங்கள் காட்டும் அதே வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 18:19ஐ எடுத்துப் பாருங்கள். ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேலின் பந்தியில் 'தோப்பு விக்கிரகத்தின் தீர்க்கதரிசிகள்' நானூறு பேர் சாப்பிட்டார்கள். தென்னந்தோப்புக்குத் தீர்க்கதரிசி வைத்து எவராவது சோறு போடுவார்களா? யூதாவின் ராஜா யோசியா இடித்த வீடுகளில் பெண்கள் அந்தத் 'தோப்பு'க்கு நெய்துகொண்டிருந்தார்கள், அதுவும் எருசலேம் ஆலயத்தின் அருகிலேயே. மேலும், யாவே என்னும் இயற்பெயரோடு சமாரியா என்னும் ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதுவதும் வேதாகம எபிரேயத்தின் வழக்கமன்று. ஆனாலும் சாடியில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே தளரும் இலக்கணம் இங்கே மட்டும் இறுகிவிடுமா?

சாலொமோன்தாசன்:
'சேனைகளின் கர்த்தர்', அதாவது எபிரேயத்தில் 'சேனைகளின் யாவே', என்பது என்னவாம்? பெயரோடு இன்னொரு சொல் சேர்வது வேறு, விகுதி ஒட்டுவது வேறு. விகுதிக்குப் பதில் சொல்லுங்கள்.

மதுரைவாசகி:
ஒற்றை விகுதியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நிற்கிறீர்கள். அண்டை நாட்டாரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் மதத் தலைவர்களின் பங்கை எவரும் பேசவில்லை. அயல்நாடான மீதியானின் ஆசாரியரும் மோசேயின் மாமனாருமான எத்திரோ சொன்னபடியே மோசே ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை வைத்தார். யூதாவின் ஆகாஸ் ராஜா சீரியாவின் தமஸ்குவில் கண்ட பலிபீடத்தின் மாதிரியை அனுப்ப, அவர் ஊர் திரும்புமுன்னே ஆசாரியன் உரியா அதைக் கட்டி முடித்தார்.

சாலொமோன்தாசன்:
சகோதரி, எத்திரோ சொன்னது நிர்வாக யோசனை; வழிபாடு அல்ல. ஆகாஸ் கெட்ட ராஜா என்று வேதமே சொல்கிறது. பாவத்தைச் செல்வாக்கு என்று பெயரிட வேண்டாம்.

மதுரைவாசகி:
அதே யாத்திராகமம் 18இல் எத்திரோ தேவனுக்குச் சர்வாங்க தகனபலியும் மற்றப் பலிகளும் கொண்டுவந்தார். ஆரோனும் மூப்பர்களும் வந்து அவரோடு போஜனம் பண்ணினார்கள். இதுவும் நிர்வாகந்தானா? என்னை வேதம் தெரியாதவளாக நினைத்துப் பேசுவது இது இரண்டாவது முறை.

ஓலைப்பெட்டி:
அவர் அப்படித்தான், அம்மா. போன மாதம் எகிப்தின் ஆமெனெமோப் அறிவுரைகளையும் நீதிமொழிகள் 22:17 தொடங்கும் பகுதியையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். ஏழையைக் கொள்ளையிடாதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே என்று இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றன. பதிலே சொல்லாமல் போனவர், இன்று எனக்கு இலக்கணம் கற்பிக்கிறார். மரத்தூண் என்றே வைத்துக்கொண்டாலும், அது யாருடைய தூண்? தேவியின் பெயர் கொண்ட தூணை யாவேயின் பக்கத்தில் நட்டவர்கள் அதைக் கானானியரிடமிருந்து எடுக்காமல் வேறெங்கிருந்து எடுத்தார்கள்?

சாலொமோன்தாசன்:
போன மாதம் என் வீட்டில் துக்கம், அதனால்தான் எழுதவில்லை. அதையும் தோல்விக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். 'வைத்துக்கொண்டாலும்' என்ற சொல்லிலேயே தூண் என்பதை ஏற்றுவிட்டீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓலைப்பெட்டி:
துக்கம் எனக்குத் தெரியாது, அதற்காக வருந்துகிறேன். ஆனால் நான் எதையும் ஏற்கவில்லை. 1967இல் எபிரோனுக்கு மேற்கே கிர்பத் எல்கோம் கல்லறையில் கிடைத்த கல்வெட்டிலும் அதே 'அவருடைய அஷேரா' இருக்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

சாலொமோன்தாசன்:
அங்கும் அதே விகுதிதான், சகோதரரே.