பிரான்சில் கார் வராத சைக்கிள் பாதைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லியோன் வாசி:

போன ஜூன் மாதம் ஷலோனிலிருந்து மாக்கோன் வரை சைக்கிளில் போனேன். 70 கிலோமீட்டர்தான். கால் வலுவுள்ளவர் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு மாக்கோனில் இருப்பார். எனக்கு இரண்டு நாள் ஆனது.

பிரான்சின் முதல் ‘வுவா வெர்த்’, அதாவது மோட்டார் வண்டி வராத ‘பச்சைப் பாதை’, இந்த வழியில்தான் இருக்கிறது. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997இல் திறந்தார்கள். அதற்கு முன் ரயில் ஓடிய தடம். ரயிலுக்குச் செங்குத்து ஆகாது என்பதால் ஏற்றம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தொடைக்குத் தெரியும், அதுவும் சாயங்காலம்தான். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் மேய்ச்சல் நிலத்தில் வெள்ளை வெளேரென்று மாடுகள். கேட் கீப்பர் குடியிருந்த குட்டி வீடுகள் அங்கங்கே இன்னும் நிற்கின்றன.

க்ளூனியைத் தாண்டினால் புவா க்ளேர் சுரங்கம். 1.6 கிலோமீட்டர் நீளம். வெளியே நல்ல வெயில், உள்ளே பழைய சோற்றுப் பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருக்கும். நான் போடுவது வெயிலில் கறுப்பாகிற பவர் கண்ணாடி. இருட்டுக்குள் போனால் அது வெளுக்க நேரம் எடுக்கும். கழற்றினால் அறவே தெரியாது, போட்டுக்கொண்டாலும் தெரியாது. சரி என்று இறங்கி, கையால் சுவரைத் தடவியபடி வண்டியைத் தள்ளினேன்.

அப்போது எதிரிலிருந்து ஒரு பாட்டு. பெண் குரல், உச்சஸ்தாயி, சுதி கொஞ்சம் விலகல். சுரங்கம் முழுக்க எதிரொலி. என் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது என்றே சொல்லலாம். கிட்டே வந்த பிறகு பார்த்தால், முன்னால் கூடை வைத்த சைக்கிளில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா. பாட்டை நிறுத்திவிட்டு “போன்ஜூர், உடம்புக்கு முடியவில்லையா?” என்றார். கண்ணாடிக் கதையைச் சொன்னேன். அவருடைய சைக்கிளில் பெல் கிடையாதாம், அதற்குப் பதிலாகத்தான் பாட்டாம். “காது கேட்காதவர்கள் மட்டும்தான் என்மேல் மோத முடியும்” என்று சொல்லிவிட்டு, என் கண் தெளியும் வரை கூடவே நின்றார். கூடையிலிருந்து இரண்டு கை செர்ரி அள்ளிக் கொடுத்தார். பாடிக்கொண்டே போய்விட்டார்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். பாதை நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

மழைக்கோட்டு:

அதே சுரங்கத்துக்கு நான் நவம்பரில் போய் நின்றேன். பூட்டு. குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக மூடிவிடுவார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மலைக்கு மேலே சுற்றிப் போகும் வழியில் மழையோடு மிதித்தேன். உள்ளே அவை தலைகீழாகச் சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். வரைபடத்தில் ‘வெலோரூத்’ என்று போட்டிருந்தால் முழுக்கக் கார் இல்லாத பாதை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் கிராமத்து ரோடும் சேர்ந்து வரும். மோட்டார் வண்டிக்கு இடமில்லாத தடம் என்றால் வுவா வெர்த்தான். 2004இல் சாலைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள், நீலச் சதுரப் பலகை வைத்திருப்பார்கள். நடப்பவருக்கும், பல இடங்களில் குதிரைக்கும்கூட அங்கே உரிமை உண்டு. குதிரைக்குப் பின்னால் பெல் அடிக்காதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

துலூஸ் மாமா:

துலூஸிலிருந்து மத்தியதரைக்கடலுக்குப் போகிற மிடி கால்வாய் என்றதும் எல்லோரும் பிளேன் மர நிழல் படத்தைப் போடுகிறார்கள். படத்தில் வேர் தெரியாது.

துலூஸிலிருந்து போர் லொராகே வரை 50 கிலோமீட்டர் வழவழ தார். 2018இல் நான் போனபோது அந்த மாவட்ட எல்லை முடிந்ததுமே தாரும் முடிந்தது. அதற்கப்புறம் மண் தடம், குறுக்கே கை கனத்துக்கு வேர்கள். இதற்கு மேல் மரங்களுக்கே ஒரு நோய். 2006இல் இந்தக் கால்வாயில் கண்டுபிடித்த பூஞ்சை, ஒரு மரத்துக்கு வந்தால் பக்கத்து மரங்களையும் சேர்த்து வெட்டி எரிக்க வேண்டியதுதான். நிழல் என்று நம்பிப் போன இடத்தில் மொட்டை வெயிலும் கிடைக்கும்.

ஆனால் நோரூஸ் மேட்டில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர், கால்வாயின் உச்சி அதுதான். கறுப்பு மலையிலிருந்து ஓடைகளைத் திருப்பி இங்கே கொண்டுவந்து, ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கமும் ஒரு பங்கு மத்தியதரைக்கடல் பக்கமும் போகிற மாதிரி வகுத்தவர் ரிக்கே. ஆள் பொறியாளரே இல்லை, உப்பு வரி வசூலித்தவர். 1666இல் தொடங்கிய வேலை 1681இல் முடிந்தது, அவர் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன். காஸ்டெல்நொடாரி தாண்டி, பின்பக்கக் கேரியர் ஒரு பக்கமாகச் சாய்ந்து டயரை உரசியது. போல்ட் ஒன்று எங்கோ உதிர்ந்திருந்தது. தள்ளிக்கொண்டு அடுத்த மதகுக்கு, படகுகளை ஏற்றி இறக்குகிற நீர்க்கதவுக்கு, போனேன். மதகுக்காரர் வெளியே மேஜை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணி 12.30 தாண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் படகுக்கே மதகு திறக்காது, போல்ட்டுக்கா திறக்கும்? கையால் ‘உட்கார்’ என்று காட்டினார். கீழே இரண்டு படகுகள் காத்திருந்தன, மூன்றாவதாக நான்.

சாப்பிட்டு, வாயைத் துடைத்து, காபியும் குடித்த பிறகு உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்தால் முழுக்க சைக்கிள் சாமான்கள். போல்ட், நட்டு, வாஷர், பாட்டில் மூடி, விளக்கு, பெல், ஒற்றைப் பெடல்கூட. வேர்கள் உதறிவிட்டதையெல்லாம் தினமும் காலையில் நடக்கும்போது பொறுக்கி வைப்பாராம். நாலாவது போல்ட் பொருந்தியது. காசு வாங்கவில்லை. “உங்களுடையதும் இதற்குள் வந்து சேரும்” என்றார்.

வேரெல்லாம் ஆகாது என்பவர்கள் துலூஸிலிருந்து எதிர்ப்பக்கம், கரோன் கால்வாயோரம் போங்கள். 190 கிலோமீட்டருக்கு மேல் தார்ப் பாதை, சில இடங்களில் நேராக ஓடி அலுப்பூட்டும். ஆனால் மோன்டெக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஐந்து மதகுகளைத் தவிர்க்க 1974இல் ஒரு சரிவு கட்டினார்கள். ரப்பர் டயர் போட்ட இரண்டு என்ஜின்கள் கரைக்கு ஒன்றாக நின்று, ஆப்பு வடிவத்தில் தண்ணீரை மேலே தள்ளின, அந்தத் தண்ணீரில் மிதந்தபடி படகும் ஏறியது. 2009இல் அது நின்றுபோனது. அஜானில் கால்வாயே 23 வளைவுப் பாலத்தின் மேல் ஆற்றைத் தாண்டுகிறது. ஒரு பக்கம் படகு, பக்கத்திலேயே நீங்கள், கீழே கரோன் ஆறு.

லா ஷப்பெல்:

மாமா, உங்களுக்கெல்லாம் லீவு கிடைக்குது. எனக்கு ஞாயிறு ஒருநாள்தான், அதிலும் பின்னேரம் கடை. ஆனபடியால் நான் போவது ஊர்க் கால்வாய்க்கரை. உண்மையாகவே அதன் பெயர் ஊர்க் தான், பிரெஞ்சுக்காரர் சொல்லும்போது கேட்டுப் பாருங்கோ. பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவர வேணும் என்று 1802இல் நெப்போலியன் வெட்டச் சொன்னது. பாரிசில் நம்ம தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பெலிலிருந்து லா வில்லெட் பத்து நிமிஷம். அங்கே ஏறினால் கால்வாயோடேயே ஒட்டி க்ளே-சூயி வரை கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் போகலாம். பாந்தனில் மாடிக் கட்டடங்கள், செவ்ரான் தாண்ட மரங்கள்.

ஒருநாள் கரையில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து பூனையை விடப் பெரிய எலி ஒன்று ஏறி வந்து, செம்மஞ்சள் பல்லைக் காட்டிக்கொண்டு பாணையே பார்த்தது. நான் துள்ளி எழும்பிவிட்டேன். ஓடப் பயிற்சி எடுத்த ஒருவர் நின்று, “ரகோந்தன், பயமில்லை, ஊரில் என் தாத்தா இதில் பாத்தே செய்வார்” என்றார். பாத்தே என்றால் இறைச்சியை அரைத்துச் செய்யும் சாப்பாடு. அதற்குப் பிறகு அதுக்கு என்னிலும் பார்க்க அவரில்தான் பயம் வந்திருக்கும். சம்பல் விழுந்த துண்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கிவிட்டது.

பாண்டிப் பெடல்:

நானும் வீட்டுக்காரரும் ஓர்லியனிலிருந்து தூர் வரை லுவார் ஆற்றோரம் போனோம். ஆறு கடலுக்குத்தானே போகிறது, கூடவே போனால் இறக்கமாக இருக்கும் என்று இவர் கணக்கு. இறக்கம் ஒன்றும் தெரியவில்லை. மேற்கிலிருந்து காற்று மட்டும் மூன்று நாளும் முகத்திலேயே அடித்தது. எங்களுக்கு எதிரே கடல் பக்கமிருந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். மழைக்கோட்டு சொன்னதும் சரி. வெள்ளத்துக்குப் போட்ட கரைமேல் போகிற வழியில் பல இடங்களில் கார் வரும். எண்ணிக்கை குறைவுதான்.

புளுவா தாண்டியது திங்கட்கிழமை. முதல் கிராமத்தில் பேக்கரி மூடியிருந்தது, இரண்டாவதிலும் மூடியிருந்தது. மூன்றாவதில் தெருவில் நிற்கிற பெட்டியில் காசு போட்டு பாகெத் எடுத்தோம். தண்ணீர்தான் இல்லை. எதிரே வந்த பெரியவர் ஒருவர் கல்லறைத் தோட்டத்தைக் கைகாட்டினார். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும், சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் பிடிப்பார்களாம்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வா என்று வளர்ந்தவள் நான். கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டேன். இவர் உள்ளே போய், குடிக்கக் கூடாது என்று பலகை ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தார். இல்லை. உள்ளே ஒரு பாட்டி, கணவர் கல்லறைக்குப் பூவாளியோடு போய்க்கொண்டிருந்தவர், திரும்பி வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி அவரே நிரப்பிக் கொடுத்தார். “இவர் வரிசையில் நிற்கச் சொல்லமாட்டார்” என்று கல்லறையைக் காட்டினார். குடித்தேன். அம்மாவிடம் போனில் ஊர்க் குழாய் என்று சொல்லிவிட்டேன், பொய் இல்லையே.

லா ஷப்பெல், லீவு கிடைத்தால் வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். கொக்கியில் தொங்கவிட வேண்டும். கோடையில் கொக்கிக்குச் சண்டை வரும், அதனால் முதல் ரயில் நல்லது.

மாமா, ஒரு கேள்வி. நாங்களும் 2017இல் காஸ்டெல்நொடாரி பக்கம் போனோம். பாண்டிச்சேரியில் வாங்கிய பித்தளை பெல் எங்கோ விழுந்துவிட்டது. அந்த டின்னில் பார்த்தீர்களா?

துலூஸ் மாமா:

பெல் மூன்று கிடந்தன. ஒன்று பித்தளை மாதிரிதான் இருந்தது. அடித்தும் பார்த்தேன், நல்ல சத்தம்.